17ஆம் நூற்றாண்டு லண்டன் கடல்வழக்கு நீதிமன்றத்தில் பீப்பாய் செய்பவரைச் சாட்சியாக அழைத்தது ஏன்?

சரக்கு யாரால் கெட்டது என்பதை அவரால் சொல்ல முடியும் என்பதால்தான். ஒயின், எண்ணெய், உப்பிட்ட மீன் எல்லாம் மரப் பீப்பாய்களில் கப்பலேறிய காலம் அது. கரைசேரும்போது ஒயின் பாதி ஒழுகியிருந்தால், வணிகர் கப்பல் தலைவர்மேல் வழக்குப் போடுவார். அவரோ புயலைக் காரணம் காட்டுவார், இல்லையென்றால் பீப்பாயே மட்டம் என்பார். பலகை பழசா, வளையம் தளர்ந்ததா, அடுக்கியதில் பிழையா என்று பார்த்ததுமே பிரித்தறியும் கண் அந்தத் தொழிலாளிக்குத்தான் உண்டு.

விசாரித்த முறை இன்னும் சுவாரசியம். இந்த நீதிமன்றம் ரோமானியச் சட்ட வழியில் நடந்தது. இத்தகைய வழக்குகளில் ஜூரி கிடையாது. சாட்சியைத் தனியே வைத்துக் கேட்டு, எழுத்தர் எழுதிக்கொள்வார். பெயர், ஊர், தொழில், வயது முதலில் வரும். அதன்பின் எதிர்த்தரப்பு எழுதிக் கொடுத்த கேள்விகள்: யார் ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்? கடன் போக உம் சொத்து எவ்வளவு தேறும்? ஏழைக் கைவினைஞருக்கு இது எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்! அவர் சொல்லின் மதிப்பைக் குறைக்கவே இதைக் கேட்டார்கள். இறுதியில் கையெழுத்து, எழுதத் தெரியாதவர் ஒரு குறி போடுவார்.

அந்த வாக்குமூலங்கள் இன்றும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.