அம்மா தனியாகக் கனடா போகிறார், பெட்டியைப் பூட்டிவிடுவதா வேண்டாமா?

பூட்டுங்கள்.

அம்மா தனியாக ரொறன்ரோ போகிறார், இரண்டு பெட்டி, பூட்டினால் சோதனை செய்கிறவர்கள் உடைத்துப்போடுவார்கள் என்று மாமா சொல்கிறார், பூட்டாவிட்டால் சாமான் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மாமா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் "எடுக்கிறவன் எப்படியும் எடுப்பான், பிறகென்னத்துக்குப் பூட்டு?" என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. எங்கள் அம்மாவின் பெட்டியில் கை வைத்தார்கள். பூட்டு இருந்தபடியால்தான் போய் நின்று கேட்க முடிந்தது.

எங்கள் ஊரில் வயதானவர்கள் பெட்டியைப் பூட்டத் தயங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வெளியூர்க்காரருக்கு அது விளங்காது. 2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்தபோது முகமாலை, ஓமந்தைச் சோதனைச்சாவடிகளில் பஸ்ஸால் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று, மேசையில் வைத்துத் திறந்து காட்டித்தான் கொழும்புக்குப் போனோம். மடித்து வைத்த சேலைகளுக்கு நடுவே கையை விட்டுப் பார்ப்பார்கள். பூட்டிய பெட்டி என்றால் சந்தேகம் கூடும், நிற்கும் நேரமும் கூடும். அதனால் எங்கள் அம்மா கயிற்றால்தான் கட்டுவார், ஒரே இழுவையில் அவிழ்கிற மாதிரி ஒரு சுருக்குப் போட்டு. அக்காவிடம் கனடா போக வெளிக்கிட்டபோதும் அதே கயிற்றைத்தான் எடுத்து வந்தார். "பூட்டினா என்னவோ ஒளிச்சுக் கொண்டு போறம் எண்டு நினைப்பாங்கள் பிள்ளை" என்றார். "அம்மா, இது ஓமந்தை இல்லை. இஞ்ச நீங்கள் பக்கத்தில நிக்கமாட்டியள், பெட்டி தனியப் போகும்" என்று சொல்லித்தான் பூட்டுப் போட்டேன். உங்கள் அம்மாவும் இப்படிச் சொன்னால் கோபிக்காமல் விளங்கப்படுத்துங்கள்.

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. அம்மாவைக் கூட்டி வர நான் ரொறன்ரோ போய், இரண்டு பேருமாகத் திரும்பி வரும்போதுதான் இது நடந்தது. இடையில் ஒரு விமானம் மாறி, கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும்போது அம்மா சக்கர நாற்காலியில். பெல்ட்டில் பெட்டி வந்ததும் முன்பக்கம் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, பூட்டும் போட்டபடி இருந்தது. ட்ரொலியில் ஏற்றத் தூக்கியபோது பெட்டி இலேசாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்மூலையில் ஒரு சாண் நீளத்துக்கு ஜிப்பின் பற்கள் விலகி, உள்ளே அக்கா சுற்றி வைத்த துவாயின் நீலக் கரை தெரிந்தது.

எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜிப் பெட்டியைத் திறக்க ஒரு பேனை போதும். பற்களுக்கு நடுவே பேனை முனையைக் குத்தி அழுத்தினால் ஜிப் பிளந்துகொள்ளும். வேண்டியதை எடுத்த பிறகு, ஜிப்பை இழுக்கும் இரண்டு பிடிகளையும் அந்த இடத்தின் மேலாக ஒருமுறை ஓட்டிவிட்டால் பற்கள் பழையபடி சேர்ந்துவிடும். ஒரு அடையாளமும் இருக்காது. இரண்டு பிடிகளையும் ஒன்றோடொன்று சேர்த்து ஒரு சின்னப் பூட்டுப் போட்டிருந்தாலும் இப்படி ஓட்டலாம், ஏனென்றால் பூட்டோடு சேர்ந்தே அவை நகரும். ஆனால் பிடிகள் பெட்டியின் உடம்போடு பொருந்திப் பூட்டுகிற வகை என்றால் அவற்றை நகர்த்த முடியாது. பிளந்தது பிளந்தபடியே கிடக்கும். எங்கள் பெட்டி அந்த வகை. வாங்கும்போது நான் பார்த்ததும் அதைத்தான், நிறத்தை அல்ல.

வெளியே எங்களை ஊருக்கு ஏற்றிப்போக வந்த வான் (வேன்) காரர் விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டாலும் அங்கிருந்து நமக்குத் தமிழ்நாட்டுக்குத்தான் பறப்பு. கனடா, லண்டன் என்றால் இரவிரவாக வான் பிடித்துப் போய் வருகிற கட்டுநாயக்காதான். அந்த வானில் எங்களோடு இன்னொரு குடும்பமும் வருவதாக இருந்தது, அவர்கள் ஏற்கெனவே வெளியே போய்விட்டார்கள். சக்கர நாற்காலி தள்ளுகிற தம்பிக்கும் அவசரம். "வீட்டை போய்ப் பாப்பம் பிள்ளை, சனம் பாத்துக்கொண்டு நிக்குது" என்று அம்மாவே சொன்னார். நான் அசையவில்லை. பெட்டியைத் திறக்காமல் அப்படியே வைத்து எல்லாப் பக்கமும் படம் எடுத்தேன், விலகிய ஜிப்பும் போட்டிருந்த பூட்டும் ஒரே படத்தில் தெரியும்படி. கைத்தராசு என் பையில் இருந்தது. ரொறன்ரோவில் தந்த துண்டில் 22.5 கிலோ என்று இருந்தது. இங்கே 19 கூட இல்லை. அதைக் கொண்டு போய் அந்த விமான நிறுவனத்தின் லக்கேஜ் முறைப்பாட்டுக் கவுண்டரில் வைத்தேன்.

அங்கே இருந்தவர் முதலில், பெட்டி பழுதாகியிருந்தால் ஒட்டித் தரலாம், சாமான் குறைந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார். நான் சத்தம் போடவில்லை. பூட்டைக் காட்டினேன், நிறையைக் காட்டினேன், முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பி இலக்கத்தைத் தாருங்கள், அதுவரை போகமாட்டேன் என்றேன். பெட்டியைப் பூட்டாமல் விட்டிருந்தால் அவர் கேட்கக்கூடிய முதல் கேள்வி "நீங்கள் சரியாக மூடினீர்களா?" என்பதுதான். அதைக் கேட்க அவருக்கு இடமே இருக்கவில்லை.

போனது என்ன? என் மகனுக்கு வாங்கிய சப்பாத்து, அம்மாவுக்கு அக்கா வாங்கிக் கொடுத்த பிரஷர் பார்க்கிற மெஷின், ஒரு வாசனைத் தைலப் போத்தல், சொக்லேட். எல்லாவற்றுக்கும் அக்காவிடம் பில் இருந்தது. மாதக்கணக்கில் மின்னஞ்சல் எழுதிய பிறகு பணம் வந்தது. முழுப் பெறுமதி இல்லை, ஆனால் வந்தது. வானில் கூட வந்த குடும்பத்துக்கும் சாமான் போயிருந்தது. அவர்கள் சாவகச்சேரியில் வீட்டுக்குப் போய்த்தான் பெட்டியைப் பார்த்தார்கள். பூட்டும் இல்லை, விமான நிலையத்தில் பதிந்த முறைப்பாடும் இல்லை. ஏழு நாளுக்குள் எழுதுங்கள் என்று நான்தான் சொன்னேன், எழுதினார்கள். வான் வண்டியில் வீதியால் வந்த பெட்டி, விமானத்தில்தான் குறைந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று பதில் வந்தது. அந்தக் குடும்பத்து அக்கா அழுதது எனக்கு இன்னும் கோபத்தைத் தருகிறது.

ஏழு நாள் என்பது நானாகச் சொல்கிற கணக்கில்லை. 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையில் இருக்கிறது. கனடாவும் இலங்கையும் அதில் சேர்ந்த நாடுகள். பெட்டிக்கோ உள்ளே இருப்பதற்கோ சேதம் என்றால், பெட்டி கைக்கு வந்து ஏழு நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பெட்டி தாமதமாக வந்ததென்றால் 21 நாள். முறையிடாமல் பெட்டியை வாங்கிக்கொண்டு போனால், அது நல்ல நிலையில் கைக்கு வந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். மறுத்து நிரூபிப்பது உங்கள் வேலை. நட்டஈட்டுக்கும் ஒரு மேல் எல்லை இருக்கிறது: 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), கிட்டத்தட்ட 2,000 அமெரிக்க டொலர். அதற்குமேல் பெறுமதியுள்ளதைப் பெட்டிக்குள் வைப்பதில் அர்த்தமில்லை. நகை, காசு, பாஸ்போர்ட், காணி உறுதி, மருந்து எல்லாம் அம்மாவின் கைப்பையில்தான் போக வேண்டும். இதை நான் சொல்லாவிட்டால், "தங்கத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பூட்டை நம்பச் சொல்கிறாள்" என்று யாராவது எழுதுவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. உடுப்புக்கும் சப்பாத்துக்கும்தான் பூட்டு.

இப்போது மாமா சொன்னது. அமெரிக்காவில் 2002 முடிவிலிருந்து ஏற்றுகிற பெட்டிகள் எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள். சந்தேகம் வந்தால் நீங்கள் இல்லாமலே திறப்பார்கள், சாதாரணப் பூட்டு என்றால் வெட்டுவார்கள், அதற்கு நட்டஈடு கிடையாது. திறந்து பார்த்தோம் என்று ஒரு கடதாசி உள்ளே இருக்கும். அதற்காகத்தான் டி.எஸ்.ஏ. பூட்டு என்று ஒன்று விற்கிறார்கள், டி.எஸ்.ஏ. என்பது இந்தச் சோதனையைச் செய்கிற அமெரிக்க அரசு நிறுவனம். பல பூட்டுகளில் சிவப்பு டயமண்ட் அடையாளம் இருக்கும். சோதனை செய்கிறவர்களிடம் அதற்கான பொதுத் திறப்பு (சாவி) இருப்பதால் வெட்டாமல் திறந்து, திரும்பப் பூட்டலாம். உங்கள் அம்மா அமெரிக்காவைத் தொடாமல் போனாலும் அந்த வகையையே வாங்குங்கள். அந்தப் பொதுத் திறப்புகளின் படம் 2014இல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் வெளிவந்து, அடுத்த வருடமே அதைப் பார்த்து முப்பரிமாண அச்சில் திறப்புச் செய்துவிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். சரி, அதனால் என்ன? வீட்டு யன்னலை உடைக்கலாம் என்பதற்காக யாரும் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் படுப்பதில்லை.

பூட்டை வெட்ட வேண்டிய தேவையே வராமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. பவர் பேங்க்கைப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது, லிதியம் பற்றரி தனியாக இருந்தாலும் கூடாது, கையில்தான் கொண்டு போக வேண்டும். அது ஸ்கேனில் தெரிந்தால் பெட்டியைத் திறந்தே ஆவார்கள், சில இடங்களில் பெட்டி விமானத்தில் ஏறாமலே நின்றுவிடும். அப்புறம் நம் சாமான்கள். மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, பினாட்டு எல்லாம் இறுக்கமாகக் கட்டிக் கட்டியாக இருந்தால் ஸ்கேனில் என்னவென்று விளங்காமல் தெரியும், திறந்து பார்க்கத் தோன்றும். நான் அவற்றைத் தெளிவான பொலித்தீன் பைகளில், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், பெட்டியின் மேல்தட்டில் பரப்பி வைப்பேன், பெயரை ஆங்கிலத்தில் எழுதி. திறக்கிறவர் உடுப்பைக் கிளறாமல் அதைப் பார்த்துவிட்டு மூடலாம். "ரொறன்ரோ ஸ்காபறோவில எல்லாம் வாங்கலாம், இதெல்லாம் ஏன்?" என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். அம்மா வறுத்து இடித்த தூள் அங்கே எந்தக் கடையிலும் இல்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. கனடா போகிறார் என்று தெரிந்ததும் ஒழுங்கையில் இருக்கிற எல்லாரும் பார்சலோடு வருவார்கள். எங்கள் அம்மாவின் பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம், சீலையில் சுற்றி நாலு பக்கமும் தைத்த ஒரு பார்சலை ஒருவர் கொண்டு வந்து வைத்தார். "உள்ளுக்கு ஒண்டும் இல்லை, மாவும் எண்ணெயும்தான்." பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா என்று கவுண்டரில் கேட்டால் அம்மா என்ன சொல்வது? அவர் முன்னாலேயே கத்தரிக்கோலால் தையலைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன். மாவும் எண்ணெயும்தான் இருந்தது. அன்றிலிருந்து கோயிலில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார், நாங்கள் அவரை நம்பவில்லையாம். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அதை வாங்க வேண்டியவர் வரவுமில்லை, அத்தான் வேலை முடிந்து களைத்து வந்து, தானே காரெடுத்துப் போய்க் கொடுத்தார். ஒரு நன்றிகூட இல்லை. உங்கள் அம்மாவிடமும் யாராவது கொண்டு வருவார்கள். யாராக இருந்தாலும் பிரித்துப் பாருங்கள்.

பூட்டு இலக்கப் பூட்டாக இருக்கட்டும். திறப்பு என்றால் அம்மா அதைப் பத்திரமாக ஓரிடத்தில் வைத்துவிட்டு விமான நிலையத்தில் தேடுவார். இலக்கத்தை அங்கே பெட்டியைத் திறக்கப் போகிறவருக்கும் வட்சப்பில் அனுப்புங்கள். கட்டுநாயக்காவில் உள்ளே போகும் வாசலிலேயே பெட்டிகளை ஸ்கேனில் போடுவார்கள், அது முடிந்த பிறகு பூட்டினால் போதும். கவுண்டரில் தருகிற துண்டில் பத்து இலக்கம் இருக்கும், பெட்டியைத் தேட அதுதான் வேண்டும். அதை உடனே படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள், கூடவே மூடிய பெட்டியின் படத்தையும்.