கொரோனா ஊரடங்கில் விளைச்சலுக்குக் குறைவில்லை, பிறகு ஏன் பலர் பட்டினி கிடந்தார்கள்?

கிடங்கில் அரிசி இருந்தது. வாங்கக் கையில் காசு இல்லை. 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியதும் தினக்கூலிக்காரர்களின் வருமானம் அப்படியே நின்றது. மே மாதம் சென்னையின் கோயம்பேடு சந்தையை மூடி, மொத்தக் காய்கறி வியாபாரத்தை நகருக்கு வெளியே திருமழிசைக்கு மாற்றினார்கள். வாங்க ஆள் வராமல் காய்கறியை வயலிலேயே உழுதுவிட்ட விவசாயி ஒரு பக்கம், தள்ளுவண்டி வராத தெருவில் கூடுதல் விலை கொடுத்தவர்கள் இன்னொரு பக்கம்.

தமிழ்நாட்டில் பலரைக் காப்பாற்றியது ரேஷன் கடைதான். ஏப்ரலில் இலவச அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயுடன் 1,000 ரூபாயும் கொடுத்தார்கள். ஆனால் அட்டையைச் சொந்த ஊரில் விட்டுவிட்டு இங்கே கட்டட வேலை பார்த்த ஒடிசா, பீகார் தொழிலாளிகளுக்கு அந்த வரிசையில் இடமில்லை; தனி உதவி வரும்வரை காத்திருந்தார்கள். என்னைக் கேட்டால் பெரிய ஓட்டை அதுதான். அப்புறம், பள்ளி மூடியதால் பிள்ளைகளின் சத்துணவும் நின்றது. பிறகு அதற்குப் பதிலாக அரிசி, பருப்பு கொடுத்தாலும், வீட்டுக்கு வந்தால் அது எல்லோருக்கும் பங்காகிவிடும்.