சிட்னிக்குச் சிலை அனுப்ப மூன்று லட்சமா?

கேள்வி: சுவாமிமலை அருகே தாத்தா காலத்திலிருந்து பஞ்சலோகச் சிலை வார்க்கும் பட்டறை எங்களுடையது. ஆறு பேர் வேலை செய்கிறோம். இதுவரை கும்பகோணம் கடைகளுக்குத்தான் கொடுத்தோம். இப்போது சிட்னி பக்கம் கோயில் கட்டும் கமிட்டியார் வள்ளி தெய்வானையோடு முருகன், ஒரு நடராஜர் என்று நேரடியாகக் கேட்கிறார்கள். ஏற்றுமதி லைசென்ஸ், தொல்லியல் சான்று, ஆஸ்திரேலியாவில் எங்கள் பெயரில் ஒரு கம்பெனி எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் ஆகும் என்கிறார் இங்குள்ள ஏஜென்ட். பில்லில் விலையைக் குறைத்துப் போட்டால் வரியும் மிச்சம் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். மூன்று லட்சத்துக்குச் செம்பு வாங்கிப் போடுங்கள்.

நீங்கள் வார்க்கும் சிலைக்கு ஏற்றுமதி லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. வேண்டியது ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி இறக்குமதி எண். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி நீங்களே வாங்கலாம். உங்கள் பான் எண்தான் அந்த எண்ணும். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதே தளத்தில் போய் விவரங்களை உறுதி செய்துவிட வேண்டும், காசு கிடையாது. மறந்தால் எண் முடங்கிவிடும். இந்த மறதியை நம்பியே 'புதுப்பிக்கும் கட்டணம்' வசூலிக்கும் ஆட்கள் நம் பக்கம் நிறைய. அப்புறம் ஜி.எஸ்.டி. பதிவு, அதில் ஒவ்வொரு நிதியாண்டும் எல்.யூ.டி. என்ற உறுதிமொழி. அது இருந்தால் ஏற்றுமதிக்கு வரி கட்டாமலே அனுப்பலாம். உங்கள் கணக்கர் அரைமணி நேரத்தில் முடித்துவிடுவார்.

ஆஸ்திரேலியக் கம்பெனி யோசனைதான் இதில் மோசம். வாங்குகிறவர் அந்தக் கோயில் கமிட்டி. சரக்கை இறக்குமதி செய்து, அங்கே 10 சதவீத ஜி.எஸ்.டி. கட்டி எடுப்பது அவர்கள் வேலை. உங்களுக்கு அங்கே கம்பெனி எதற்கு? அந்நாட்டுச் சட்டப்படி அங்கேயே குடியிருக்கும் இயக்குநர் ஒருவராவது கம்பெனிக்கு இருந்தாக வேண்டும். யாரைப் போடுவீர்கள்? ஏஜென்ட்டின் மைத்துனர் ஒருவர் அங்கே தயாராக இருப்பார். வருடா வருடம் பணம் போவது மட்டும் உங்கள் கையிலிருந்து. வெளிநாட்டு வியாபாரம் என்றதும் அலுவலகம் திறப்பதுதான் வளர்ச்சி என்று நம்மவர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கோயிலுக்கு ஒழுங்காகச் செய்து கொடுங்கள். கும்பாபிஷேகத்துக்கு வரும் அடுத்த ஊர்க்காரர்களே உங்களைத் தேடுவார்கள்.

விலையைக் குறைத்துப் போடும் பேச்சுக்கு வருகிறேன். இந்தியா ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29 முதல் நடப்பில் இருக்கிறது. இந்தியாவில் செய்தது என்ற தோற்றச் சான்றை இணையம் வழியே வாங்கி வைத்தால் சுங்க வரிச் சலுகை நேர்வழியிலேயே கிடைக்கும். பொய் பில் போட்டு மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? சிலை வழியில் உடைந்தால் இன்சூரன்ஸ் பில் விலைக்குத்தான். பில் ஒரு தொகை, வங்கிக்கு வந்தது ஒரு தொகை என்றால் பதில் சொல்லப் போவதும் ஏஜென்ட் இல்லை, நீங்கள்.

பணம் பட்டறையின் நடப்புக் கணக்குக்கு, ஏற்றுமதி முன்பணம் என்று சொல்லி வர வேண்டும். மாமா வீட்டுப் பையன் கணக்கு, கையில் ரொக்கம் எதுவும் ஆகாது. அப்படி வந்தால் வங்கிப் புத்தகத்தில் அது ஏற்றுமதிப் பணமே இல்லை.

புது ஆளிடம் முழுப் பணம் வாங்காமல் வார்ப்புக்கான மெழுகு உருவைக்கூடத் தொடங்காதீர்கள் என்பதுதான் எல்லோருக்கும் நான் சொல்வது. கோயில் கமிட்டி மட்டும் விதிவிலக்கு, அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். அவர்கள் கையில் மொத்தப் பணம் இருக்காது. பக்தர்களிடம் வசூலித்து வசூலித்துத்தான் தருவார்கள். முழுத் தொகை கேட்டால் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போகும். அதற்காகக் கடனும் கொடுக்க முடியாது, ஏனென்றால் கமிட்டி மாறும். இன்று பேசும் தலைவர் அடுத்த தேர்தலில் இருக்க மாட்டார். ஆகவே வேலையோடு பணத்தைக் கட்டுங்கள். பேச்சு முடிந்ததும் ஒரு பங்கு. மெழுகு உரு முடிந்து படம் அனுப்பி, அவர்கள் சரி என்று எழுத்தில் சொன்னதும் அடுத்த பங்கு. உலோகம் வாங்கும் செலவு இதற்குள் அடங்கிவிட வேண்டும். மண் பூசி, மெழுகை உருக்கி, உலோகம் ஊற்றிவிட்டால் முக அமைப்பை மாற்றச் சொன்னாலும் மாற்ற முடியாது என்று முன்பே எழுதி வாங்குங்கள். சீவுளியால் செதுக்கும் வேலை முடிந்ததும் மீதி முழுவதும், அது வந்த பிறகுதான் பெட்டி கட்டுவது. சரக்கு ஏற்றியதும் தருகிறோம் என்பார்கள். ஊரார் கோயில்தானே, நம்ம சனம்தானே என்று மனம் இளகும். இளகக் கூடாது. வார்த்த முருகனை வேறு யாருக்கும் உடனே விற்கவும் முடியாது, உருக்கவும் மனம் வராது.

இனி தொல்லியல் சான்று. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலையைத் தனியார் யாரும் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. உங்கள் சிலை போன மாதம் வார்த்தது. ஆனால் கஸ்டம்ஸ் அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால், அது பழையதா புதியதா என்பதில் கடைசி வார்த்தை இந்தியத் தொல்லியல் துறையுடையது. அதனால் தொன்மைப் பொருள் அல்ல என்ற சான்றை முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. படங்களோடு விண்ணப்பித்து, சிலையைக் காட்ட வேண்டும். அலைச்சல்தான். பெரிய திருடர்கள் எந்தக் காகிதத்தையும் தயார் செய்துகொண்டு போய்விட்டார்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் போனது ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு, 2014இல்தான் திரும்பி வந்தார். அந்தப் பாவத்துக்கு இன்று வரிசையில் நிற்பது புதுச் சிலை வார்க்கிற ஸ்தபதி. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையின் பெட்டி இதனாலேயே விமான நிலையக் கிடங்கில் வாரக்கணக்கில் கிடந்தது. கிடங்கு வாடகையையும் அவர்களே கட்டினார்கள்.

அந்தப் பெட்டி கிடந்ததற்கு இன்னொரு காரணம், பில்லில் 'ஆன்டிக் ஃபினிஷ்', அதாவது பழஞ்சிலைத் தோற்றம், என்று எழுதியிருந்தது. அந்த ஒரு சொல்லை எங்கேயும் எழுதாதீர்கள். அமிலம் போட்டுப் பச்சைக் களிம்பு ஏற்றித் தரச் சொல்லும் வாடிக்கையாளரையும் தவிர்த்துவிடுங்கள். மெழுகு உருவிலிருந்து வார்ப்பு வரை ஒவ்வொரு நிலையிலும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பீடத்தின் அடியில் பட்டறைப் பெயரும் ஆண்டும் வெட்டிவிடுங்கள். கமிட்டியிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் ஆட்சேபிப்பதில்லை. ஏஜென்ட் சான்று 'வாங்கித் தருகிறேன்' என்றால், விண்ணப்பத்தில் யார் பெயர் போட்டிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். அவர் பெயர் இருந்தால் அந்தச் சிலையை ஏற்றுமதி செய்பவரும் அவராகவே இருப்பார். கமிட்டிக்கு அடுத்த முறை உங்கள் விலாசமே தெரியாது.

ஏஜென்ட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளியரிங் ஏஜென்ட் கண்டிப்பாக வேண்டும், கஸ்டம்ஸ் காகிதங்களை அவர்தான் பார்ப்பார். வேலைக்கு இவ்வளவு என்று ரசீதோடு வாங்குபவராகப் பாருங்கள். ஆஸ்திரேலியா முழுவதற்கும் என்னைத் தவிர யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று கையெழுத்துக் கேட்கும் ஆள் வந்தால், வருடத்துக்கு இத்தனை சிலைக்கு உத்தரவாதம் தருவீர்களா என்று கேளுங்கள். அதோடு போய்விடுவார்.

பெட்டியைப் பற்றி ஒன்று. நாம் பழக்கத்தில் வைக்கோலைச் சுற்றி அடைப்போம். ஆஸ்திரேலியாவில் வைக்கோலைக் கண்டாலே நிறுத்திவிடுவார்கள், பூச்சி வரும் என்று. மரப்பெட்டி என்றால் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றிய மரம், அதற்கான கோதுமைக் கதிர் முத்திரை இரண்டும் வேண்டும். பிளைவுட் பெட்டிக்கு அந்த முத்திரை வேண்டாம், ஆனால் உள்ளே முட்டுக் கொடுக்கச் சாதாரணக் கட்டையை வைத்துவிடாதீர்கள். தச்சரிடம் இதை நீங்களே நேரில் நின்று சொல்லுங்கள்.