சிவப்பு ரோஜா ஏன் வெறும் திட்டாகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு மிரர்லெஸ் கேமராவும் 50 மில்லிமீட்டர் லென்ஸும் வாங்கினேன். வீட்டில் ஜாடியில் வைத்த பூக்களை எடுத்துப் பழகி வருகிறேன். வெள்ளைச் சாமந்தி அழுக்கேறியதுபோல் சாம்பல் நிறமாக வருகிறது. சிவப்பு ரோஜாவோ இதழ்களே தெரியாத சிவப்புத் திட்டாகிவிடுகிறது. எந்தப் பூவானாலும் ஓர் இதழின் நுனி மட்டுமே கூர்மையாக இருக்கிறது. இது கேமராவின் கோளாறா, அல்லது மிக அருகிலிருந்து பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடுமா?

எம்.

அன்புள்ள எம்,

கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் ஒன்றைக்கூட மேக்ரோ லென்ஸ் தீர்க்காது.

ரோஜாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நானும் பல மாதங்கள் முட்டிக்கொண்டு நின்ற இடம் அதுதான். கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறங்களையும் தனித்தனியாகப் பதிவு செய்கிறது. அடர்சிவப்பு இதழிலிருந்து வரும் ஒளியில் ஏறக்குறைய முழுவதும் சிவப்புதான். ஆனால் ஒளியை அளக்கும் மீட்டர் படத்தின் மொத்த வெளிச்சத்தைப் பார்த்து, பின்னணியும் பூவும் இருட்டாக இருக்கின்றனவே என்று எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் ஒளியின் அளவை, கூட்டிவிடுகிறது. அதனால் பச்சையும் நீலமும் பாதிகூட நிரம்பாத நிலையிலேயே சிவப்பு விளிம்புவரை நிரம்பி வழிந்துவிடுகிறது. வழிந்தபின், வெளிச்சம் படும் இதழ் முதுகும் அதற்குக் கீழே நிழலில் இருக்கும் மடிப்பும் ஒரே எண்ணாகப் பதிவாகின்றன. அந்த இரண்டுக்கும் இடையிலான சிறு வேறுபாட்டால்தான் நம் கண்ணுக்கு இதழ் இதழாகத் தெரிகிறது.

படத்தின் இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் காட்டும் வரைபடம்தான் ஹிஸ்டோகிராம். ஒற்றை வெள்ளைக் கோடாக வரும் ஹிஸ்டோகிராம் இதைக் காட்டிக்கொடுக்காது. எல்லாம் நடுவில் பத்திரமாக இருப்பதாகவே அது சொல்லும். மெனுவில் மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத் தேர்ந்தெடுங்கள். சில கேமராக்களில் எடுத்த படத்தைத் திரும்பப் பார்க்கும்போதுதான் அது கிடைக்கும். சிவப்பு வலது சுவரில் சாய்ந்து குவிந்திருந்தால், அது சுவரை விட்டு விலகும்வரை, மீட்டர் சொல்லும் அளவைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -0.7, -1 என்று இறக்குங்கள். படம் மங்கலாகத் தெரியும். பயப்பட வேண்டாம், சென்சார் பதிவு செய்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்தால் மற்ற பகுதிகளைக் கணினியில் மேலே தூக்கிக்கொள்ளலாம். நிறங்களைத் தூக்கிக் காட்டும் ‘விவிட்’ அமைப்பில் கேமரா இருந்தால் அதை உடனே மாற்றிவிடுங்கள். ரோஜாவுக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது.

வெள்ளைச் சாமந்தியின் கதை இதற்கு நேரெதிர். சட்டகம் முழுக்க வெண்மையாக இருந்தால் மீட்டர் அதை நடுத்தரச் சாம்பலாக இறக்கப் பார்க்கும். +0.7 அல்லது +1 ஏற்றினால் போதும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக அறை விளக்கை அணையுங்கள். ஜன்னல் ஒளியும் பல்பின் ஒளியும் சேர்ந்து விழும் பூவில் ஒரு பக்கம் நீலம் பாயும், மறுபக்கம் மஞ்சள் பாயும். ஒளியின் நிறச்சாயலை நீக்கும் ஒயிட் பேலன்ஸ் அமைப்பு எதுவும் இரண்டையும் ஒருசேரத் திருத்தாது. ஜன்னல் பூவுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். அப்போது ஒளி இதழ்களின் மேல் சாய்வாக வருடிச் செல்லும். சாமந்தியின் ஒவ்வோர் இதழிலும் நீளவாட்டில் ஓடும் மெல்லிய வரிகள்கூட எழுந்து நிற்கும். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். அதையே கறுப்புத் துணியாக்கிப் பாருங்கள், பூ கனம் பெறும். எனக்குத் துணிதான் பிடிக்கும்.

அடுத்தது கூர்மை. எஃப் எண் கூடக் கூட லென்ஸின் ஒளித்துளையான அபர்ச்சர் சிறுக்கும். உங்களுடையது பல மிரர்லெஸ் கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி அளவு சென்சார் (ஒளியைப் பதிவு செய்யும் சில்லு) என்று வைத்துக்கொண்டால், 50 மில்லிமீட்டர் லென்ஸில் அரை மீட்டர் தொலைவிலிருந்து எஃப்/1.8இல் எடுக்கும்போது கூர்மையாக விழும் ஆழம் சுமார் அரை சென்டிமீட்டர்தான். எஃப்/11க்குப் போனால் அது ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் ஆகும். ஒரு ரோஜாவின் முன்பாதிக்கு அது போதுமானது. எஃப்/16ஐத் தாண்டினால் சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதுமே மென்மையாகிவிடும். 1.8இலிருந்து 11க்கு வரும்போது ஒளி 37இல் ஒரு பங்காகக் குறைவதால், 1/125 நொடி ஏறக்குறைய மூன்றில் ஒரு நொடியாகிவிடும். ஆகவே ட்ரைபாட், 2 நொடி டைமர், நிறுத்திய மின்விசிறி மூன்றும் வேண்டும். ஃபோகஸைக் கேமராவின் விருப்பத்துக்கு விட்டால் அது பெரும்பாலும் மிக அருகில் நீட்டிக்கொண்டிருக்கும் இதழையே பிடிக்கும். திரையில் பூவைப் பெரிதாக்கி, உள்வட்ட இதழ்களின் விளிம்பில் நீங்களே கையால் வையுங்கள்.

ஃபோகஸை நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக அடுக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் பறித்த பூ அசையாமல் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஒருமுறை துலிப் பூ ஒன்றைக் கேமராவோடு அப்படியே விட்டுவிட்டு மறுநாள் காலையில் தொடரலாம் என்று வந்தேன். தண்டு இரவுக்குள் நீண்டு ஜன்னல் பக்கம் வளைந்திருந்தது. நடுவில் இருந்த பூ சட்டகத்தின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெட்டிய பிறகும் துலிப் வளரும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

மேக்ரோ லென்ஸ் என்பது பொருளை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழச் செய்வது. உங்கள் லென்ஸில் பூ ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அளவில்தான் விழும். பூவின் மகரந்தத் தாள்கள் சட்டகத்தை நிறைக்க வேண்டும் என்ற ஆசை வந்தால் வாங்குங்கள், ஆனால் அவ்வளவு அருகில் கூர்மையின் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இப்போதைக்கு, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் பொருத்தும் எக்ஸ்டென்ஷன் டியூப் ஒன்று போதும். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெற்று வளையம் என்பதால் அதன் விலையும் மேக்ரோ லென்ஸைவிட மிகக் குறைவு. மின்தொடர்பு முனைகள் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். அவை இல்லாவிட்டால் இன்றைய பெரும்பாலான மிரர்லெஸ் லென்ஸ்களில் அபர்ச்சரை மாற்றவே முடியாது.