பாலிஷ் டப்பாவைக் கடைசியில் வாங்குங்கள்

கேள்வி: நான்கு வருடமாகக் கறுப்பு நிற 125 சிசி பைக் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் துணியால் துடைக்கிறேன். ஞாயிறுதோறும் வீட்டு வாசலில் சோப்புத்தூள் போட்டு நானே கழுவுகிறேன். அப்படியும் டேங்க் மங்கிவிட்டது. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள். சைலன்சர் கவரின் குரோமில் பழுப்புப் புள்ளிகள். கழுவிய அன்று வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, மிஸ் அடிக்கிறது. எந்தப் பாலிஷ் வாங்கலாம்?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: உப்புக்காற்று உங்கள் ஊரில் இல்லாமலில்லை. ஆனால் டேங்க்கில் விழுந்திருக்கும் அந்த வலைக் கோடுகளைப் போட்டது காற்று அல்ல, உங்கள் கையில் இருக்கும் துணி. பெயிண்டுக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு படலம் உண்டு. தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. தெருப் புழுதி என்பது பொடி மணல். காய்ந்த டேங்க்கைக் காலையில் பழைய பனியன் துணியால் துடைக்கும்போது அந்த மணலை வைத்தே கிளியர் கோட்டைத் தேய்க்கிறீர்கள். கறுப்பில் அது உடனே தெரியும், வெள்ளி நிறத்தில் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். தினசரித் துடைப்பை இன்றே நிறுத்துங்கள். புழுதியோடு வண்டி ஓட்டுவதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

அடுத்தது சோப்புத்தூள். துணியில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்காகச் செய்தது அது. பெயிண்ட் மேல் இருக்கும் வேக்ஸ் என்ற மெழுகுப் பூச்சையும் அப்படியே எடுத்துவிடும், கறுப்பு பிளாஸ்டிக்கை வெளுக்க வைக்கும். சரியாகக் கரையாத தூள் துணியில் சிக்கினால் அதுவும் கீறும். கார், பைக்குக்கென்று விற்கும் ஷாம்பு வாங்குங்கள். அளவை லேபிளில் பாருங்கள், 10 லிட்டர் வாளிக்கு இரண்டு மூன்று மூடிக்கு மேல் தேவைப்படாது.

வண்டி ஓட்டி வந்தவுடன் கழுவ வேண்டாம். அரை மணி நேரம் நிழலில் நின்று எஞ்சின் ஆறட்டும். சைலன்சர் வாயை ஒரு பிளாஸ்டிக் பையால் கட்டுங்கள் (முடிந்ததும் அவிழ்க்க மறக்காதீர்கள்). முதலில் வெறும் தண்ணீர். ஹோஸை மெதுவாகத் திறந்து, மட்கார்டின் உள்பக்கம், எஞ்சின் அடிப்பகுதி உட்பட நன்றாக நனையுங்கள். உப்பு ஒட்டியிருப்பது அங்கேதான். கையால் தொடுவதற்கு முன்பே பாதி மணல் ஓடிவிட வேண்டும்.

வாளி இரண்டு வேண்டும். ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர். மைக்ரோஃபைபர் துணியை ஷாம்பில் நனைத்து டேங்க்கில் ஆரம்பித்து மேலிருந்து கீழாக, நேர்கோட்டில் இழுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு பேனல் முடிந்ததும் துணியை நல்ல தண்ணீரில் அலசிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அந்த வாளியின் அடியில் கடைசியில் தங்கும் மண்ணைப் பார்த்தால் இத்தனை நாள் டேங்க்கில் எதைத் தேய்த்தோம் என்று தெரியும். வீலுக்கும் எஞ்சினுக்கும் தனித் துணி. கீழே விழுந்த துணியை அன்றைக்கு பெயிண்ட் பக்கம் கொண்டுவரக் கூடாது.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி ஒரு வாளியை மட்டுமாவது மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் ஊற்றி, காய விடாமல் உடனே ஒற்றி எடுங்கள். ஏற்கெனவே படிந்த வெள்ளைத் திட்டுகளுக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்துவிட்டுக் கழுவினால் போதும். பெயிண்டில் மட்டும்.

இனி அந்த மிஸ் அடிக்கும் விஷயம். ஸ்பார்க் பிளக்கின் மேல் மாட்டியிருக்கும் கேப்புக்குள் தண்ணீர் போனால் மின்சாரம் பிளக்கின் முனைக்குப் போகாமல் ஈரத்தின் வழியே எஞ்சின் உலோகத்துக்கு ஓடிவிடும். கேப்பைக் கழற்றி உள்ளேயும் பிளக்கின் மேல் பீங்கானையும் துடைத்துக் காயவிட்டு மாட்டுங்கள். கேப்பின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். பிளக் ஒரு குழிக்குள் இருக்கும் எஞ்சின் என்றால் தண்ணீர் வடிய எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் சிறு துளை இருக்கும், அதை மண் அடைத்திருக்கும். இன்னொரு இடத்தையும் பாருங்கள். பெட்ரோல் மூடியைத் திறந்தால் விளிம்பில் ஒரு சின்ன ஓட்டை தெரியலாம். மூடியைச் சுற்றித் தேங்கும் தண்ணீர் அதன் வழியாகத்தான் ஒரு டியூபில் கீழே இறங்குகிறது. அது அடைபட்டால் தேங்கிய தண்ணீர், மூடியைத் திறக்கும்போது டேங்க்குக்குள் போகும். மூடியை மூடிவைத்துக்கொண்டு மேலே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். வண்டிக்கு அடியில் சொட்டினால் ஓட்டை சுத்தம். நின்றுபோனால், தேங்கிய தண்ணீரை முழுக்க ஒற்றி எடுத்த பிறகே மூடியைத் திறந்து, டியூபின் கீழ் முனையிலிருந்து அடைப்பை எடுங்கள்.

வாட்டர் சர்வீஸில் விடும் பழக்கம் இருந்தால் இரண்டு சொல்லுங்கள்: டீசல் அடிக்க வேண்டாம், வீல் நடுவிலும் ஹேண்டில் கழுத்திலும் மீட்டரிலும் பிரஷர் கன்னைக் காட்ட வேண்டாம். டீசல் அப்போதைக்குப் பளபளக்கும். ரப்பரை ஊத வைக்கும், மறுநாளே புழுதியை இழுத்து ஒட்டும். பிரஷர் தண்ணீர் பேரிங்கில் இருக்கும் கிரீஸை வெளியே தள்ளும்.

குரோம் புள்ளிகளுக்குப் பரோட்டா பார்சல் கட்டும் அலுமினியத் தாள் போதும். உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்துக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, லேசாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, அதனால் கீறாது. பழுப்பும் சாம்பலுமாக ஒரு குழம்பு வரும், துடைத்துவிட்டுப் பாருங்கள். மேலாக இருக்கும் துரு போயிருக்கும். நகத்தில் குழியாகத் தட்டுப்படும் இடங்கள் அப்படியே இருக்கும், ஏனென்றால் அங்கே குரோமும் அதன் அடியில் இருக்கும் நிக்கலும் ஓட்டையாகி இரும்பே வெளியே வந்துவிட்டது. அவை மறுபடி துருப்பிடிக்கும். கொஞ்சம் மெட்டல் பாலிஷ் போட்டுத் துடைத்து, மேலே வேக்ஸ் பூசினால் தள்ளிப்போடலாம். பச்சை நிற பாத்திர ஸ்கிரப்பரும் கழிவறை ஆசிடும் கிட்டவே வரக் கூடாது. ஆசிட் துருவோடு குரோமையும் சேர்த்துத் தின்னும்.

இப்போது பாலிஷ். கடையில் காம்பவுண்ட், பாலிஷ், வேக்ஸ் மூன்றையும் ஒரே பெயரில் கேட்பார்கள், விற்பார்கள். காம்பவுண்ட் கிளியர் கோட்டைச் சீவும். பாலிஷும் சீவும், குறைவாக. வேக்ஸ் எதையும் எடுக்காது, மேலே ஒரு பூச்சாக நிற்கும். உங்கள் கோடுகள் மேல் நகத்தை ஓட்டுங்கள். நகம் சிக்கவில்லை என்றால் மெல்லிய பாலிஷே போதும். சிக்கினால் காம்பவுண்ட் போட்டும் முழுதாகப் போகாது, அதற்காக அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள்.

டேங்க்கைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் ஓரங்களிலும் டேங்க்கின் கூர்மையான மடிப்புகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மடிப்பில் பெயிண்ட் மெல்லியது, அங்கேதான் முதலில் அடிப்பூச்சான பிரைமர் எட்டிப் பார்க்கும். ஃபோம் பேடில் பட்டாணி அளவில் மூன்று பொட்டு. நிழலில், குளிர்ந்த டேங்க்கில், நீளவாக்கில் ஒரு முறை, குறுக்குவாக்கில் ஒரு முறை என்று இரண்டு மூன்று நிமிடம். சுத்தமான மைக்ரோஃபைபரால் துடைத்துவிட்டுப் போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் இது வேண்டாம்.

அதன்மேல் வேக்ஸ், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிசாக. ஐந்து பத்து நிமிடத்தில் வெண்மை பூத்ததும் துடைக்க வேண்டும். தடிமனாகப் பூசினால் தடிமனாகத் துடைத்து எறிவீர்கள், வேறு லாபமில்லை. கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டு வெள்ளையாகிவிட்டால் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் அழியுங்கள். கடலோரத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பூசலாம். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் விரிந்து படர்ந்தால் வேக்ஸ் போய்விட்டது. பளபளப்பில்லாத மாட் பெயிண்ட் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுங்கள், தேய்த்த இடம் திட்டாகப் பளபளத்து அப்படியே நின்றுவிடும்.

அடுத்தது செயினுக்கு எண்ணெய். செயின் கவருக்குள் இருந்தால் பக்கத்தில் இருக்கும் ரப்பர் மூடியைத் திறந்து, சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபடி எஸ்ஏஇ 90 கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். எஞ்சினை ஓடவிட்டுச் செய்தால் விரல் போகும்.

சீட், ஃபுட்ரெஸ்ட், டயர், பிரேக் டிஸ்க் ஆகியவற்றில் எந்தப் பாலிஷும் படக் கூடாது. எல்லாம் முடிந்து வண்டியை எடுக்கும்போது டிஸ்க்கும் டிரம்மும் இன்னும் ஈரமாகவே இருக்கும், முதல் பிரேக் பிடிக்காது. தெரு முனை வரை மெதுவாகப் போய், இரண்டு பிரேக்கையும் ஏழெட்டு தடவை லேசாகத் தொட்டுக் காயவைத்த பிறகு மெயின் ரோட்டில் ஏறுங்கள்.