எச்-இண்டெக்ஸ் 31 என்றால் பெரிய ஆளா சார்? மருத்துவக் கல்லூரி நூலகர் பதில்கள்

நகரி, சித்தூர், குப்பம், பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆராய்ச்சி மாணவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவை.

நகரியிலிருந்து ஒரு அப்பா: பொண்ணுக்கு பிஎச்டி கைடு கிடைத்திருக்கிறார். அவருக்கு எச்-இண்டெக்ஸ் 31. நல்ல எண்ணா சார்?

துறையும் அனுபவமும் தெரியாமல் சொல்ல முடியாது அண்ணா. ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் கொண்டுவந்த கணக்கு இது. ஒரு கட்டுரையை மற்றவர்கள் தங்கள் கட்டுரையில் குறிப்பிடுவதுதான் சைட்டேஷன். ஒருவருடைய எத்தனை கட்டுரைகளுக்குக் குறைந்தது அத்தனை சைட்டேஷன் இருக்கிறதோ, அந்த அதிகபட்ச எண்தான் எச். ஒருவருடைய ஆறு கட்டுரைகளுக்கு 40, 22, 9, 5, 4, 1 என்று சைட்டேஷன் இருக்கிறதென்று வையுங்கள். நான்காவது கட்டுரைக்கு 5, சரி. ஐந்தாவதுக்கு 4தான், தேறவில்லை. அதனால் எச் 4. முதல் கட்டுரையின் 40, 4000 ஆனாலும் அதே 4தான். சர்வீஸ் கூடக்கூட எண்ணும் கூடும், இறங்காது.

கட்டுரைப் பட்டியலைத் திறந்து பெயர் வரிசையைப் பாருங்கள். உயிர்மருத்துவத்தில் பெரும்பாலும் முதல் பெயர் சோதனை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. கைடு கடைசியிலும் அவருடைய மாணவர்கள் முதலிலும் வருகிறார்களா? உங்கள் பொண்ணுக்கு அந்த 31ஐவிட இதுதான் முக்கியம்.

சித்தூர் எம்எஸ்சி மாணவி: ஒரே ஆளுக்கு ஸ்கோபஸில் 18, கூகுள் ஸ்காலரில் 26. எது சரி?

இரண்டும். இவை சைட்டேஷனை எண்ணித் தரும் இணையத் தளங்கள். கூகுள் ஆய்வேடு, புத்தகம் எல்லாவற்றையும் எண்ணும். ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த இதழ்களைத்தான் முக்கியமாக எண்ணும். இருவரை ஒப்பிட்டால் ஒரே இடத்து எண்ணை எடுங்கள்.

குப்பம் ஆராய்ச்சி மாணவர்: என் கட்டுரைகள் இணையத்தில் இரண்டு பேருடையது மாதிரிப் பிரிந்து கிடக்கின்றன.

நம் எல்லைப்பக்கத் தமிழர்களுக்கு வாடிக்கையான தொல்லை, தம்பி. தெலுங்குக்காரர்களுக்கு வீட்டுப்பெயர் இருக்கிறது, நமக்கு இனிஷியல்தான். ஒரு கட்டுரையில் ‘ஆர். முருகன்’ என்று போட்டிருப்பீர்கள், பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தளத்தில் ‘முருகன் ஆர்’ ஆகும். அடுத்ததில் பாஸ்போர்ட்டைப் பார்த்து ‘முருகன் ரங்கசாமி’ என்று போட்டால் ‘ரங்கசாமி எம்’ ஆகிவிடும். அப்பாதான் ஆராய்ச்சி செய்கிறார் போலிருக்கிறது என்று நினைப்பார்கள்!

ஒரே வடிவத்தை முடிவுசெய்து கடைசிவரை அதையே போடுங்கள். ஆர்கிட் என்பது ஆராய்ச்சியாளருக்கான 16 இலக்க அடையாள எண், இலவசம், இன்றைக்கே வாங்குங்கள். ஸ்கோபஸில் பிரிந்த ப்ரொஃபைல்களைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம், காசு கிடையாது. கூகுளில் வேறு முருகனின் கட்டுரை உங்கள் கணக்கில் ஏறியிருந்தால் நீங்களே எடுத்துவிடுங்கள். இன்டர்வியூவில் கேட்டால் மானம் போகும்.

பள்ளிப்பட்டு டீச்சர்: சைட்டேஷன் அதிகமென்றால் பெரிய கண்டுபிடிப்புதானே?

அப்படிச் சொல்ல முடியாது டீச்சர். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், 1925இல் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து பாஸ்பரஸை நிறம் வைத்து அளக்கும் முறையை எழுதினார். அந்த முறையைக் கையாளும் ஆய்வகமெல்லாம் அந்தக் கட்டுரையைக் குறிப்பிடும், அப்படியே ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டது. லௌரி என்பவரின் 1951 கட்டுரையும் புரதத்தை அளக்கும் முறைதான், சைட்டேஷன் மூன்று லட்சத்துக்கு மேல். இவ்வளவு இருந்தும் சுப்பாராவுக்கு அவர் வேலை பார்த்த அமெரிக்க ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். ஃபோலிக் அமில வேலையெல்லாம் அங்கேதான் நடந்தது.

திட்டுவதற்காகவும் குறிப்பிடுவார்கள். தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பயத்தைக் கிளப்பிய 1998 லான்செட் மருத்துவ இதழ்க் கட்டுரையை 2010இல் திரும்பப் பெற்றார்கள். அதற்கும் சைட்டேஷன் ஏராளம்.

நகரி பிஜி மருத்துவர்: இம்பாக்ட் ஃபேக்டர் 6 உள்ள இதழில் ஒரே வாரத்தில் போட்டுத் தருவதாக வாட்ஸ்அப் வந்தது. பணம் கட்டலாமா?

வேண்டவே வேண்டாம். இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஒரு இதழின் கட்டுரைகளுக்குச் சராசரியாக எத்தனை சைட்டேஷன் என்று கிளாரிவேட் நிறுவனம் வெளியிடும் எண். அந்தப் பட்டியலில் இந்த இதழ் இருக்கிறதா என்று எந்தக் கல்லூரி நூலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம். ஐஎஸ்எஸ்என் எண்ணைக் காட்டுவார்கள், மயங்காதீர்கள். எந்த இதழும் விண்ணப்பித்து வாங்கும் அடையாள எண் அது, தரச் சான்று இல்லை.