டிஸ்சார்ஜ் புக்கில் தர்மபுரி, ஆதாரில் கிருஷ்ணகிரி

முன்னாள் படைவீரர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கடிதங்களில் நான்கிற்கு இந்த இதழில் பதில். மருத்துவக் கேள்விக்கு மனநல மருத்துவரும், மற்றவற்றுக்குப் படைவீரர் நலப் பணியில் இருந்தவரும் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் 1999இல் கார்கிலில் பீரங்கிப் படையில் இருந்தவர். மாரியம்மன் பண்டிகை வாணவேடிக்கை தொடங்கினாலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கிறார். குடி அதிகமாகிவிட்டது. மந்திரிக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
*— ஊத்தங்கரை வாசகி*

பதில்: தாயத்து கட்டுவதால் கெடுதல் இல்லை. தாயத்தை நம்பி வைத்தியத்தைத் தள்ளிப்போடுவதில்தான் கெடுதல். இதற்கு மருத்துவத்தில் பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்பு) என்று பெயர். குண்டு விழும் சத்தம் கேட்ட நொடியில் தரையோடு படுத்தவர்தான் அங்கே பிழைத்தார். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது, ஊருக்கு வந்த பிறகும் உடம்பு அதை விடவில்லை. கோழைத்தனமும் இல்லை, பைத்தியமும் இல்லை.

தூக்கத்தில் அலறினால் தோளைத் தொட்டு உலுக்காதீர்கள். கை ஓங்கிவிடுவார், விடிந்ததும் அதை நினைத்தே கூசிப்போவார். விளக்கைப் போட்டுவிட்டு, கால்மாட்டில் இரண்டு மூன்று அடி தள்ளி நின்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். "நாம ஊத்தங்கரைல இருக்கோம், நான்தான்" என்று சொல்லுங்கள். வேடிக்கை எத்தனை மணிக்கு என்று விழாக் குழுவிடம் முன்கூட்டியே கேட்டு அவரிடம் சொல்லிவிடுங்கள். எதிர்பாராமல் வெடிக்கும் வெடிதான் ஆளை உலுக்கும்.

குடி சீக்கிரம் தூங்கவைக்கும், பின்னிரவுத் தூக்கத்தைக் கலைக்கும். அந்த ரெண்டு மணி விழிப்பில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் தினமும் குடிப்பவரை வீட்டில் வைத்தே ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம் தொடங்கும், 48 மணி நேரத்துக்குள் வலிப்பும் வரலாம். கிருஷ்ணகிரி, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, நிறுத்துவதை அங்கே கேட்டுச் செய்யுங்கள். செர்ட்ரலின் போன்ற மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். இரண்டாவது வாரத்திலேயே "ஒன்றும் தெரியவில்லை" என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மாத்திரையோடு வாரம் ஒன்றாக 8 முதல் 16 முறை உட்கார்ந்து பேசும் சிகிச்சையும் உண்டு, நன்றாகப் பலன் தரும் முறை அது. அவர் வர மறுத்தால் நீங்களே 14416க்குப் பேசுங்கள். இது டெலி மானஸ் எண். இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

ஒரு வேண்டுகோள். தொந்தரவு எந்த வருஷம் தொடங்கியது என்பதை மருத்துவர் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பின்னால் ஓய்வூதியம் கேட்க நேர்ந்தால் அந்த வரி உதவும்.

கேள்வி: அப்பா 1971 சண்டைக்குப் போனவர். இறந்துவிட்டார். படையிலிருந்து வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கைக் கரையான் தின்றுவிட்டது. ஒரு டப்பாவில் மெடல்கள் மட்டும் இருக்கின்றன. எங்கே சண்டையிட்டார் என்று கண்டுபிடிக்க முடியுமா?
*— போச்சம்பள்ளி வாசகர்*

பதில்: முதலில் அந்த டப்பாவைப் பத்திரப்படுத்துங்கள். ஆயுத பூஜைக்கு வீட்டுப் பித்தளையோடு சேர்த்துப் புளி போட்டு மெடல்களைத் தேய்த்துவிடாதீர்கள். ஒவ்வொரு மெடலையும் பக்கவாட்டில் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்து, விளிம்பைப் பாருங்கள். படை எண்ணும் பெயரும் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். தேய்க்கத் தேய்க்க அந்த எழுத்துதான் முதலில் போகும்.

அடுத்து மெடலின் வகை. ஐந்து முனை நட்சத்திரமாக இருந்து பூர்வி ஸ்டார் என்றால் கிழக்குப் போர்முனை, அதாவது இன்றைய வங்கதேசப் பக்கம். பஸ்சிமி ஸ்டார் என்றால் மேற்குப் போர்முனை. வட்டமான சங்கிராம் மெடலும், 1972 சுதந்திர வெள்ளிவிழா மெடலும் பரவலாகக் கொடுக்கப்பட்டவை. அவற்றை மட்டும் வைத்து முனைக்குப் போனார் என்று சொல்ல முடியாது. (இலங்கைக்குப் போனவர் வீடுகளில் விதேஷ் சேவா மெடல் இருக்கும், ரிப்பனில் ஸ்ரீலங்கா என்ற பட்டை குத்தியிருக்கும்.)

எண் கிடைத்ததும் அவருடைய ரெஜிமென்டின் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். எந்தப் படை என்றே தெரியாவிட்டால், அம்மா வாங்கிய குடும்ப ஓய்வூதியத்தின் பிபிஓவில் (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) ரெக்கார்டு ஆபீஸ் பெயர் இருக்கும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று நகல்களை இணையுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு தகவல் உரிமை மனு போடுங்கள். வரும் பதிவில் யூனிட் பெயரும் தேதியும் இருக்கும். எந்த ஆற்றங்கரை, எந்த ஊர் என்பது இருக்காது. அதற்கு அதே யூனிட்டில் இருந்த பெரியவர்களைத் தேடுவதுதான் வழி. அவர்களுக்கு இப்போது 70 வயதுக்கு மேல், நாளைக் கடத்தாதீர்கள்.

கேள்வி: காலாட்படையில் இருந்து 2012இல் வெளியே வந்தேன். ரிலீஸ் மெடிக்கல் போர்டில் காது கேளாமை 20 சதவீதம் என்று எழுதிவிட்டு, "பணியால் வந்ததல்ல, பணியால் அதிகமானதும் அல்ல" என்று போட்டு ஊனமுற்றோர் ஓய்வூதியத்தை மறுத்துவிட்டார்கள். இனி வழி உண்டா?
*— பென்னாகரம், முன்னாள் நாயக்*

பதில்: உண்டு. சேரும்போது நடந்த மருத்துவச் சோதனையில் காதில் குறை என்று எழுதப்படாமல் இருந்தால், பின்னால் வந்த குறை பணியால் வந்ததாகவே கருத வேண்டும், இல்லை என்று காரணத்தோடு நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணிக்காலம் முடித்து வந்தவருக்கும் சதவீதத்தை உயர்த்திக் கணக்கிட வேண்டும் என்று 2014 டிசம்பர் 10இல் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பானது. அதன்படி உங்கள் 20 சதவீதம் 50 சதவீதம் ஆகும்.

புதிதாக ஓர் ஆடியோகிராம் (கேட்கும் திறனைக் கோடாகக் காட்டும் வரைபடம்) எடுங்கள். வெடிச்சத்தம் கெடுத்த காதில் 4000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளமாக இறங்கி, 8000இல் கொஞ்சம் மேலே ஏறும். வயதால் மங்கிய காதில் கோடு ஏறாமல் சரிந்துகொண்டே போகும். வலது தோளில் துப்பாக்கி வைத்துச் சுட்டவருக்கு இடது காதுதான் அதிகம் கெடும். குழல் வாய்ப் பக்கம் இருப்பது அந்தக் காது. இந்த வடிவம் தெரிந்தால் மருத்துவரிடம் ஒரு குறிப்பாக எழுதி வாங்குங்கள்.

மெடிக்கல் போர்டு நகல், சேர்ந்தபோதைய மருத்துவப் பதிவு, மறுப்புக் கடிதம் மூன்றும் வேண்டும். மறுப்பு வந்த 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் தள்ளுபடியானால் 6 மாதத்துக்குள் இரண்டாவது, பிறகு சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயம். கெடு தாண்டியிருந்தால் தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனி மனு சேர்க்க வேண்டும். தாமதமாக வந்த வழக்குகளில் நிலுவையைப் பெரும்பாலும் மனுவுக்கு முந்தைய 3 ஆண்டோடு நிறுத்திவிடுகிறார்கள், ஆகவே தள்ளத் தள்ள உங்களுக்குத்தான் நஷ்டம். 2023 செப்டம்பரில் விதிகள் மாறிவிட்டன. அதற்குப் பின் வெளியே வந்தவர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: டிஸ்சார்ஜ் புக்கில் தர்மபுரி மாவட்டம், ஆதாரில் கிருஷ்ணகிரி. இதனால்தான் உயிர்ச்சான்று ஏறவில்லையா?
*— தேன்கனிக்கோட்டை வாசகர்*

பதில்: இருக்காது. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9இல்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. தர்மபுரியே சேலத்திலிருந்து பிரிந்தது 1965இல், அதற்கு முன் சேர்ந்தவர்கள் புத்தகத்தில் சேலம் என்றுகூட இருக்கும். சிக்கல் வருவது பெயரிலும் பிறந்த தேதியிலும்தான். படையில் இனிஷியலை விரித்து எழுதியிருப்பார்கள், ஆதாரில் சுருக்கமாக இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், படைப் பதிவுக்கு ஏற்ப ஆதாரைத் திருத்துவது சுலபம்.

இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. இணையத்தில் எடுக்கும் உயிர்ச்சான்றான ஜீவன் பிரமாணில் ஓய்வூதியம் வழங்குபவர் என்ற இடத்தில் வங்கியின் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். சான்றும் எண்ணோடு வந்துவிடும், ஆனால் படை ஓய்வூதியத்தை வழங்கும் இணைய அமைப்பான ஸ்பர்ஷுக்குப் போய்ச் சேராது. அனுமதித்தவர் என்பதில் டிஃபென்ஸ் பிசிடிஏ (பி) அலகாபாத், வழங்குபவர் என்பதில் ஸ்பர்ஷ் பிசிடிஏ (பென்ஷன்ஸ்) அலகாபாத் என்று தேர்ந்தெடுத்து மறுபடி போடுங்கள். மண்வெட்டி பிடித்து ரேகை தேய்ந்து விரலை இயந்திரம் ஏற்காவிட்டால், போனில் முகம் காட்டிப் பதியும் வழி இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தில் வெளிச்சம் விழும்படி வாசலில் உட்கார்ந்து எடுங்கள்.